ஆளில்லாத ஹாலில் ஓடும் கரண்டு

சத்யபிரியா சிங்கப்பூருக்குக் கிளம்பியது 2007ஆம் வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் எங்கள் தெருவில் யாரும் பயணம் வைக்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் சென்னையில் விமானம். அதனால் அவள் அம்மா வெயிலுகந்தம்மாள் அத்தை முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, ஒரு துணிப்பையில் மகளின் சுடிதார் ஒன்றை மடித்து வைத்து, எதிர்வீடான எங்கள் வீட்டில் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

"பயணம் திங்கக்கிழமையே கெளம்பியாச்சு. நாளைக்கு ஆளு மட்டும் போகுது, அம்புட்டுதான்," என்றார்.

செவ்வாய் சாயங்காலம் அந்தப் பையை எடுத்துக்கொண்டு நான்தான் கோவில்பட்டி ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். சத்யாவின் அப்பா பூவனலிங்கம் மாமா வரவில்லை. முந்தின வருடம் வந்த பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தபடி, நன்றாக இருந்த இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தார். அத்தைதான் விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

நெல்லை எக்ஸ்பிரஸ் வரும்வரை அம்மாவும் மகளும் சண்டைதான் போட்டார்கள்.

"நான் எப்ப நெனச்சாலும் அப்பாவப் பாக்கணும். சுதாக்கா, நீங்க செஞ்சு தாங்க. வாங்கி வச்ச கேமரா அப்படியே டப்பால இருக்கு. அது முடியலன்னா அடுத்த பிளைட்ல திரும்பி வந்திருவேன். சும்மா சொல்லல," என்றாள் சத்யா, என் பக்கம் திரும்பி. அவள் நர்ஸ். ஒருவரை ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள்.

"தாராளமாப் பாரு. யாரு வேண்டாம்னா? ஆனா நீ மட்டுந்தான் பாக்கணும். வேற ஒரு கண்ணு அவிய மேல படக்கூடாது. பட்டுதுன்னு தெரிஞ்சா டப்பாவோட தூக்கி ஓடையில போட்டுருவேன்," என்றார் அத்தை.

வண்டி போய்விட்டது. சுடிதாரை எடுத்துக்கொண்டு துணிப்பையை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனாள் சத்யா. இரண்டு நிபந்தனைகளும் என் தலைமேல் நின்றன.

அத்தையின் பிடிவாதத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். மாமா மில் டீமின் ஹாக்கி கோல்கீப்பர். மைதானத்தில் அவருக்குப் பெயர் 'செவரு'. பந்து தாண்டாது. அந்த மனிதரை இப்போது துடைத்துவிட வேண்டும், சட்டை மாட்டிவிட வேண்டும், வாயோரம் வழிவதை ஒற்றி எடுக்க வேண்டும். படுத்த பிறகு பழைய ஆட்டக்காரர்கள் பார்க்க வந்தபோது, அவர்களை வாசலிலேயே நிறுத்திக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார் அத்தை. "சரியாகட்டும், அவியளே மைதானத்துக்கு வருவாவ," என்றார்.

அத்தை ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் பிறந்தவர். பருத்தி எடுத்த கை. கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த பிறகு தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தார். இங்கே தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். குச்சி அடைப்பதில் தொடங்கி, அப்போது பேக்கிங் பகுதி முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. காலை ஒன்பதுக்குப் போவார். மதியம் வந்து மாமாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு மறுபடி போவார். இடையில் என் அம்மா எட்டிப் பார்த்துக்கொள்வார். வேலையை விட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால், "விட்டுட்டு? ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்பார்.

அவர் பயம் ஒரு பக்கம் என்றால் என் பயம் வேறு. நான் சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். லாவோஸில் ஒரு பிரவுசிங் சென்டரில் என் மெயில் பாஸ்வேர்டை யாரோ எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக என் பெயரிலேயே என் அம்மாவுக்குச் செய்தி போனது. விஷயம் எனக்குத் தெரிந்து போன் செய்வதற்குள் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது.

சத்யா போன வாரமே அத்தையும் நானும் மாரிசெல்வத்தின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். ஊரில் பிராட்பேண்டு வந்த புதிது. அவன்தான் வீடு வீடாகப் போய் மோடம் மாட்டிக்கொண்டிருந்தான்.

"பத்து நிமிஷ வேலை அத்தை. மோடத்துல ஒரு போர்ட்டத் திறந்துவிட்டா முடிஞ்சுது. சிங்கப்பூர்ல இருந்து நம்பரத் தட்டினா மாமா தெரிவாவ."

"வேற யாராவது தட்டினா?"

"பாஸ்வேர்டு இருக்குல்லா. ஒண்ணும் பயப்படாதீங்க. இந்தா பாருங்க, போன வாரம் ஒரு வீட்டுக்குப் போட்டுக் குடுத்தேன்," என்று சொல்லி எதையோ தட்டினான்.

திரையில் ஒரு ஹால் வந்தது. சோபா, சுவரில் காலண்டர். ஒரு பெண் நைட்டியுடன் வந்து, ஃபேனுக்குக் கீழே நின்று ஈரத் தலையை உதறினாள். படம் விட்டு விட்டுத்தான் நகர்ந்தது. ஆனாலும் முகம் தெரிந்தது.

அத்தை எழுந்துவிட்டார். "இது நம்ம கல்யாணசுந்தரியில்லா!"

"ஆமா அத்தை. அவிய வீட்டுக்காரருதான் கடையில இருந்து பாக்கணும்னு போடச் சொன்னாரு."

"நீ பாக்குதது அவளுக்குத் தெரியுமாய்யா?"

"நான் எங்க பாக்கேன்? உங்களுக்குக் காட்டத்தான…"

"அவளுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

மாரிசெல்வம் படத்தை மூடினான். கெட்டவன் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டிருந்தான், மறந்துவிடக் கூடாது என்பதற்காக. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அத்தை மறுநாள் கல்யாணசுந்தரி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்னொரு வழி இருந்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, கேமராப் படத்தைத் தன் கணினிக்கு வாங்கி அங்கிருந்து சத்யாவுக்குக் கொடுக்கும். நம் வீட்டில் எதையும் திறக்க வேண்டியதில்லை. அதையும் அத்தையிடம் சொன்னேன்.

"அப்ப அவன் பாத்துட்டு, பொறவு இவளுக்குக் காட்டுவானா?"

"பாக்க மாட்டோம்னு எழுதித் தாராங்க அத்தை."

"கல்யாணத்தன்னைக்கு எங்க மாமியாரும் என்னை மக மாதிரி பாத்துக்கிடுவேன்னுதான் சொன்னாவ. அடுத்தத சொல்லு."

அடுத்தது கஷ்டமான வழி. வீட்டுக் கணினியிலும் சத்யாவின் லேப்டாப்பிலும் மட்டும் ஒரு சாவிக் கோப்பு இருக்கும். சாவி இல்லாமல் யார் வந்து தட்டினாலும் வீட்டு மோடம் பதிலே சொல்லாது. தெருவில் நிற்பவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. உள்ளே வந்த பிறகு சத்யா அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரிதான். நடுவில் போகும் படத்தை யார் மடக்கிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்றார்.

அமைக்க எனக்குப் பல நாள் ஆயிற்று. முதலில் மோடத்தின் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு சத்யா படித்த காலத்துப் பழைய கணினியை ஹாலில் ஓடவிட்டேன். கேமரா உள்அறையில், கட்டிலுக்கு எதிரே. சாவிக்கும் ஒரு பாஸ்வேர்டு வேண்டும் என்றதும் அத்தை என்னை விலக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் போடுதேன். எண்ணு மட்டும் போட்டாப் போதும்லா? நீ அங்கிட்டுத் திரும்பு."

"அத்தை, நானா பாக்கப் போறேன்?"

"நீயும் ஒரு கண்ணுதான்டி."

சுவரைப் பார்த்து நின்றேன். ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி அழுத்தும் சத்தம் கேட்டது. அந்த எண்ணை அவரே சத்யாவிடம் போனில் சொன்னார். சாவியை மெயிலில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. விடுப்பில் வந்திருந்த எட்டயபுரத்து வேணுகோபால் சிங்கப்பூர் திரும்புவதாகக் கேள்விப்பட்டு, பென் டிரைவைச் சாத்தூர்ச் சேவு பொட்டலத்தோடு கட்டிக் கொடுத்தோம். அது போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாவி எங்க வருது?" என்றார், அது மதுரை தாண்டி நடந்து போவது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போனது. "அப்பா தெரியுறாங்க! பனியன் கசங்கியிருக்கு, மாத்திவிடுங்கம்மா!" என்று சத்யா போனில் அழுதாள். அத்தை போனை என்னிடம் கொடுத்துவிட்டு, முதல் வேலையாகப் பனியனை மாற்றினார்.

நிம்மதி திங்கட்கிழமை காலை வரைதான்.

"அக்கா, படம் நின்னுபோச்சு. லைனே இல்ல," என்று சத்யா செய்தி அனுப்பினாள். நான் அப்போது எட்டயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எட்டு மணி பஸ்ஸில் போய்விடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையும் அப்படியே நின்றது. அதற்கு மறுநாளும். சரியாக அத்தை வேலைக்குப் போகும் நேரத்தில் லைன் செத்து, அவர் மதியம் வரும்போது உயிர் வந்து, மறுபடி சாகும். மாமா தனியாக இருக்கும் நேரத்தில்தான் மகளால் பார்க்க முடியவில்லை.

 வீட்டில் ஆள் இல்லாத நேரம் தெரிந்த ஒருவன் லைனைத் துண்டிக்கிறான் என்று தோன்றியது. மோடத்தின் பாஸ்வேர்டை மறுபடி மாற்றினேன். கணினியில் பதிவாகியிருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். வெளியாள் வந்த தடயம் இல்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. வேணுகோபால் பென் டிரைவை யாரிடமாவது கொடுத்திருப்பாரா என்றுகூட நினைத்தேன். உதவி செய்த ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டேன்.

"அக்கா, உள்ள யாரோ இருக்காங்களா?" என்று கேட்டாள் சத்யா.  "வார்டுல எனக்குக் கை ஓட மாட்டேங்குது. இந்த மாசத்தோட வேலைய விடுதேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன்."

மறுநாள் விடுப்பு போட்டேன். காலையில் சொல்லாமல் போய் அத்தை வீட்டு வாசலில் நின்றேன். அத்தை தூக்குவாளியைக் கையில் எடுத்தார். மாமாவின் அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டார். ஹாலுக்கு வந்து லைட்டை அணைத்தார். பிறகு குனிந்து, கணினிக்குப் போகும் சுவிட்சை அணைத்தார். பவர்கட்டுக்காக வாங்கிய பேட்டரிப் பெட்டியையும் அணைத்தார். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, சுவரோரம் வைத்தார்.

"அத்தை!"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏட்டி, பேய் மாதிரி நிக்க! ஸ்கூலு இல்லையா?"

"என்ன செய்யுதீங்க?"

"என்ன செய்யுதேன்? வேலைக்குப் போறேன்."

"அத ஏன் அணைக்கீங்க?"

"ஹால்ல ஆளில்லையேட்டி. ஆளில்லாத எடத்துல கரண்டு ஓடலாமா?"

 இத்தனை நாள் உலகம் முழுவதும் தேடிய திருடன் தூக்குவாளியோடு எதிரே நின்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னதை நான் சொன்னதும் முகம் வெளுத்தது. ஆனாலும் பிளக்கைத் திரும்ப மாட்டவில்லை.

"முப்பிடாதி கையப் பாத்திருக்கியா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் முப்பிடாதி அக்காவின் விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கியிருக்கும்.

"ஒரு ஞாயித்துக்கெழம. ஆபீஸ்ல குச்சி காயப்போட்ட ரூம்ல ஒத்த பல்ப அணைக்காமப் போயிட்டோம். எலி கடிச்ச ஒயரு. பொகையப் பாத்துட்டு அவதான் மொதல்ல ஓடிப்போயி கதவத் தொறந்தா. கடைசியா வெளிய வந்த ஆளு அவ இல்ல. நான்." தூக்குவாளியைக் கீழே வைத்தார். "பேட்டரிய ஓடவிட்டு அவியள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போகச் சொல்லுதியா? ஆபீஸ்ல நின்னுக்கிட்டு இந்தப் பக்கமே பொகை வருதா பொகை வருதான்னு பாத்துக்கிட்டு இருக்கணும். என்னால ஆகாது. அவ வந்தா வரட்டும்."

இரண்டு பேரும் பயந்த விஷயம் ஒன்றுதான். அவரவர் பார்க்க முடியாத நேரத்தில் அந்த அறையில் ஏதாவது ஆகிவிடுமோ என்பது. ஒருத்தியின் பயம் தீர லைன் ஓட வேண்டும். மற்றவர் பயம் தீர லைன் நிற்க வேண்டும். எந்தச் சாவியும் இதற்கு உதவாது.

யோசித்துக்கொண்டே இருந்தபோது அத்தை சொன்ன வார்த்தைதான் பிடி கொடுத்தது. ஆளில்லாத இடம். உள்அறையில் ஆள் இருக்கிறார். அங்கே ஃபேன் ஓடலாம் என்றால் கணினியும் ஓடலாம்.

"மாமா ரூம்ல வச்சா விட்டுட்டுப் போவீங்களா?"

யோசித்தார். "பேட்டரி வேண்டாம்."

"வேண்டாம்."

"பொகை வந்தா அவிய என்ன செய்வாவ? எந்திரிக்க முடியாதே."

"இடது கை இருக்குல்லா."

அன்று மதியமே எல்லாவற்றையும் உள்ளே மாற்றினோம். அடிக்கடி எட்டிப் பார்க்க எதிர்வீட்டில் என் அம்மா. கட்டிலின் இடது பக்கம் ஒரு ஸ்டூல். அதன்மேல் இரண்டு சுவிட்சு உள்ள பெட்டி. ஒன்று கணினிக்கும் மோடத்துக்கும். அதில் சிவப்புத் துணி கட்டினோம், ஏதாவது கருகினால் அணைப்பதற்கு. மற்றது கேமராவுக்கு. மாமாவின் கையைப் பிடித்து இரண்டையும் அழுத்திக் காட்டினார் அத்தை. மாமா கண்ணை மூடிக்கொண்டார். கோபமா, களைப்பா என்று தெரியவில்லை. அந்தக் கேமராவை வைக்கலாமா என்று அதுவரை நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் படம் நிற்காமல் போனது. மூன்றாம் நாள், நான் வீட்டில் இருந்தபோது, சத்யாவின் போன். "அக்கா, லைன் இருக்கு, படம் இருட்டாப் போச்சு!" செருப்பில்லாமல் தெருவைத் தாண்டி ஓடினேன். அத்தை எங்களிடம் ஒப்படைத்திருந்த வீட்டுச் சாவியால் திறந்தேன்.

மாமா ஸ்டூல் பக்கம் சாய்ந்திருந்தார். விரல் கேமரா சுவிட்சின் மேல். வேட்டி நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வெளியே வந்து அம்மாவிடம் சொல்லி, ஆள் அனுப்பி அத்தையை வரவழைத்தேன். அத்தை வந்து எல்லாம் மாற்றிவிட்டுக் கதவைத் திறந்தபோது, மாமாவே விரலை நீட்டிச் சுவிட்சைப் போட்டார். கோணலான வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. சிரிப்பு.

"பாத்தியா," என்றார் அத்தை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செவரு இப்பவும் பந்த விடல."

சத்யாவிடம் சொன்னேன்.  "அப்பாவா அணைச்சாங்க? அவங்களாவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அப்பச் சரிக்கா," என்றாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கவில்லை. லைனே இல்லாவிட்டால் கரண்டு இல்லை. லைன் இருந்து படம் இல்லாவிட்டால் அப்பா அணைத்திருக்கிறார். துடைக்கும்போது, சட்டை மாற்றும்போது, சில நாள் மகளோடு கோபம் என்றால் சும்மாவே அணைப்பார். இருட்டுப் படத்தைப் பார்த்தால் அவளுக்கு இப்போது தைரியம் வந்தது. கை வேலை செய்கிறது, கூச்சம் இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது. அத்தை தினமும் தூக்குவாளியோடு கேமரா முன் வந்து, "ஹால்ல எல்லாம் அணைச்சாச்சு, போயிட்டு வாரேன்," என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். நடுவில் மாரிசெல்வம் ஒருமுறை வந்து எப்படி அமைத்தோம் என்று கேட்டுப் போனான். அவனை ஹாலோடு நிறுத்திக் காபி கொடுத்தார்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு மறுபடி கிளம்பினேன். 2009 கார்த்திகையில், மழை நாளில், மணியாச்சி ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது சத்யாவிடமிருந்து செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டியிருந்தாள்.

"அக்கா, நேத்து காலையில இருந்து அப்பா கேமராவ அணைக்கவே இல்ல. அம்மா துடைச்சுவிட வந்தப்பவும் அணைக்கல. அம்மா கவனிக்கல. நான் பாக்கல, இங்க நானே மூடிட்டேன். டிக்கெட் எடுத்தாச்சு. நாளைக்கு செவ்வாய். நான் அன்னைக்கு விட்டுட்டு வந்த துணிப்பை உங்க வீட்டுல இருக்கும், இன்னைக்கே எடுத்து எங்க வீட்டுல வச்சிருங்க."